பரோலோவா ப்ருனெல்லோவா: வாங்கி வெச்சு காத்திருக்கணும்னா எது?

பரோலோ, ப்ருனெல்லோ ரெண்டுமே இத்தாலிய சிவப்பு ஒயின். 2020 அறுவடையில செஞ்ச பரோலோ 2024 ஜனவரியிலயே விற்பனைக்கு வரலாம்னு இருந்துச்சு, அதே வருஷத்து ப்ருனெல்லோ 2025 ஜனவரி வரைக்கும் வெளிய வரவே கூடாதுன்னு இருந்துச்சு. பரோலோவுக்கு அறுவடை வருஷத்து நவம்பர் 1-ல இருந்து கணக்கு வெச்சு 38 மாசம், அதுல 18 மாசம் மரப்பீப்பாயில. ப்ருனெல்லோவுக்கு அறுவடைக்கப்புறம் அஞ்சாவது வருஷம் ஜனவரி 1, அதுல குறைஞ்சது ரெண்டு வருஷம் மரத்துல, நாலு மாசம் பாட்டில்ல. அப்போ சட்டப்படி ப்ருனெல்லோ தான் ரொம்ப காத்திருக்குற ஒயின். ஆனா ரெண்டையும் கடைக்கு வந்த புதுசுல திறந்து ஒரே நேரத்துல ஊத்திப் பாத்தா கதை தலைகீழா இருக்கும், ப்ருனெல்லோவ அன்னிக்கே சாப்பாட்டோட வெச்சு குடிச்சிடலாம், பரோலோ பெரும்பாலும் நாவல்பழம் நாலு சேர்த்து தின்ன மாதிரி நாக்கையும் ஈறையும் இழுத்துப் பிடிச்சுக்கும், இன்னும் பல வருஷம் கழிச்சு வான்னு சொல்லிடும்.

எனக்கு இந்த ரெண்டையும் ஒப்பிடும்போது முக்கியமா தோணுறது இதுதான். பரோலோவுல காத்திருப்பு அந்த திராட்சையோட குணம், மனுஷன் விரும்பினாலும் விரும்பாட்டியும் அது இருக்கும். ப்ருனெல்லோவுல காத்திருப்பு ஒரு குடும்பம் எடுத்த முடிவு, அது பிறகு ஊர் வழக்கமாகி, கடைசில சட்டமும் ஆச்சு. எந்த பாட்டில எப்போ திறக்கணும்ங்கிறது இதுல இருந்துதான் வருது.

முதல்ல பரோலோ. வடமேற்கு இத்தாலி, பியமோந்தே மாநிலம், ஆல்பா ஊருக்கு தெற்கே லாங்கே மலைச்சரிவுகள், மொத்தம் 11 ஊர் எல்லைக்குள்ள மட்டும். திராட்சை நெபியோலோ, வேற எதுவும் கலக்கக்கூடாது. இந்த நெபியோலோ சீக்கிரமே துளிர் விடும், ஆனா பழுக்குறது எல்லாத்துக்கும் கடைசில, அக்டோபர் ஆகிடும், அதனால வசந்தகால பனியும் தொல்லை, இலையுதிர்கால மழையும் தொல்லை. வெயில் நல்லா விழுற தெற்கு பாத்த சரிவுதான் அதுக்கு வேணும். தோல்ல நிறம் கம்மி, அந்த நிறமும் நிலையா நிக்காது, ஆனா துவர்ப்பும் புளிப்பும் பயங்கரமா இருக்கும். கிளாஸ்ல பாத்தா வெளிறிப்போன சிவப்பா இருக்கும், லைட்டான ஒயின்னு நினைச்சு ஒரு வாய் குடிச்சவங்க அதிர்ந்து போயிடுவாங்க.

அந்தக் காலத்துல இந்த ஒயின் பெரும்பாலும் இனிப்பா இருந்திருக்கு. அறுவடை லேட்டா வர்றதால நொதிக்கும்போதே குளிர் வந்துடும், நொதிச்சல் பாதியில நிக்கும், சர்க்கரை மிஞ்சிடும். அத இனிப்பில்லாத, பல வருஷம் தாங்குற ஒயினா மாத்துனது 19-ஆம் நூற்றாண்டோட முதல் பாதியில. யார் மாத்துனாங்கங்கிறதுல சண்டை இன்னும் ஓயல. வழக்கமா சொல்ற கதையில பிரான்ஸ்ல பிறந்து பரோலோ பிரபு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஜூலியா கோல்பேர், பக்கத்து கிரின்சானே ஊருக்கு மேயரா இருந்த காவூர் (பின்னாடி இத்தாலியோட முதல் பிரதமர் ஆனாரே அவரேதான்), பிரெஞ்சு ஒயின் வியாபாரி லூயி உதார், இவங்கதான் வருவாங்க. ராஜா கார்லோ ஆல்பெர்த்தோ ருசி பாக்கணும்னு கேட்டாருன்னு ஜூலியா 325 பீப்பாய் அனுப்புனாங்க, நோன்பு நாள் 40 கழிச்சு நாளைக்கு ஒரு பீப்பாய் கணக்குன்னும் ஊர்ல சொல்லுவாங்க. ஆனா பழைய ஆவணங்கள தோண்டிப் பாத்தவங்க ஸ்தாலியேனோங்கிற ராணுவ அதிகாரிக்குத்தான் பெரிய பங்குன்னு சொல்றாங்க, 1830-கள்லயே ஒயின் செய்யுறதுக்கு கையேடு எழுதுனவர் அவர். எனக்கும் அந்தப் பக்கம்தான் நியாயம் தெரியுது.

ப்ருனெல்லோ கதையில அவ்வளவு பேர் கிடையாது. தொஸ்கானா மாநிலம், சியேனாவுக்கு தெற்கே மொந்தல்சினோங்கிற ஒரே ஒரு மலை ஊர். திராட்சை சாஞ்ஜோவேசே, இது தொஸ்கானா முழுக்க இருக்குற சாதாரண திராட்சைதான், பக்கத்து கியாந்தியில இதோட வெள்ளைத் திராட்சை எல்லாம் கலந்து சீக்கிரம் குடிக்குற ஒயினா செஞ்சிட்டு இருந்தாங்க. மொந்தல்சினோவுல கிளெமெந்தே சாந்தியும் அவரோட பேரன் ஃபெருச்சோ பியோந்தி சாந்தியும் நேர் எதிர் வழியில போனாங்க. தோட்டத்துல நல்ல கொடிகள மட்டும் பொறுக்கி எடுத்து, கலப்பே இல்லாம சாஞ்ஜோவேசே மட்டும் போட்டு, வருஷக்கணக்கா பெரிய பீப்பாயில வெச்சாங்க. 1888 வருஷத்து பாட்டில் அந்த வீட்டுல இன்னும் பத்திரமா இருக்கு. ஃபெருச்சோவோட மகன் தான்கிரெதி 1927-ல இன்னொரு வேலை ஆரம்பிச்சார், பழைய பாட்டில்கள திறந்து, ருசி பாத்து, குறைஞ்ச அளவுக்கு அதே வருஷத்து ஒயினையே ஊத்தி நிரப்பி, புது கார்க் போட்டு மறுபடி மூடி வெக்கிறது. இது நூறு வருஷம் தாங்கும்னு நம்புறவன் மட்டும்தான் இந்த வேலைய செய்வான், அந்த நம்பிக்கைக்காகவே எனக்கு அந்தக் குடும்பத்து மேல பெரிய மரியாதை. 1969-ல லண்டன் இத்தாலிய தூதரகத்துல எலிசபெத் ராணிக்கு கொடுத்த விருந்துல அவங்களோட 1955 ரிசர்வாவ (இன்னும் அதிக காலம் வெச்சு வெளிய விடுற சிறப்பு ஒயின்) பரிமாறினாங்க, அதுக்கப்புறம்தான் வெளி உலகம் திரும்பிப் பாத்துச்சு. அந்தக் காலத்துல 100 ஹெக்டேர் கூட இல்லாத ப்ருனெல்லோ தோட்டம் இன்னிக்கு 2,000-த்த தாண்டிடுச்சு. 1966-ல ரெண்டு ஒயினுக்கும் டிஓசி அந்தஸ்து (எந்த ஊர்ல, எப்படி செய்யணும்னு சட்டம் கட்டுப்படுத்துற பேர்), 1980-ல ரெண்டுக்கும் அதுக்கு மேற்படியான டிஓசிஜி, அதுல ரெண்டும் சமம்.

மண்ணு விஷயத்துல பரோலோ தான் மேல, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. லா மோர்ரா, பரோலோ ஊர் பக்கம் நீலம் கலந்த சுண்ணாம்புக் களிமண், அங்க வர்ற ஒயின் கொஞ்சம் மென்மை, வாசனை முன்னாடி வரும், பத்து வருஷத்துல திறந்துக்கும். கிழக்கால செர்ராலுங்கா, மோன்ஃபோர்த்தே பக்கம் மணற்பாறை கலந்த இன்னும் பழைய மண்ணு, அங்க வர்றது இறுக்கமா இருக்கும், 20 வருஷம் கூட கேக்கும். சில கிலோமீட்டர் தூரத்துல இவ்வளவு வித்தியாசம். 2010-ல தோட்டங்களுக்கு எல்லை வரைஞ்சு பேர் பதிவு பண்ணி 181 பேர் லேபிள்ல போடலாம்னு ஆக்கிட்டாங்க, அதனால எது எப்போ பழுக்கும்னு லேபிள்லயே ஓரளவு துப்பு கிடைக்கும். மொந்தல்சினோவுலயும் வடக்கு சரிவு குளிர்ச்சி, தெற்கு சரிவு சூடு, தெற்கே அமியாத்தா மலை காத்தையும் மழையையும் தடுக்குதுங்கிறதெல்லாம் உண்மைதான், ஆனா அந்த மாதிரி அதிகாரபூர்வமா தோட்டவாரியா பிரிக்கல, தயாரிப்பாளர் பேர வெச்சுத்தான் வாங்கணும்.

பீப்பாய் சண்டை ரெண்டு ஊர்லயும் வந்துச்சு. பரோலோவுல அது குடும்பத்தையே பிரிச்சுது. எலியோ அல்தாரே பிரான்ஸ்ல பர்கண்டி பக்கம் போய் பாத்துட்டு வந்து 1983-ல அப்பாவோட பழைய பெரிய பீப்பாய்கள செயின்சா வெச்சு அறுத்துப் போட்டார், பாரிக்னு சொல்ற 225 லிட்டர் பிரெஞ்சு சின்ன ஓக் மரப்பீப்பாய் கொண்டு வந்தார், அப்பா அவருக்கு சொத்தே இல்லன்னுட்டார். புது ஆளுங்க சொன்னது, தோலை சில நாள் மட்டும் ஊற வெச்சு புது ஓக்ல போட்டா சீக்கிரம் குடிக்கலாம், நிறமும் நிக்கும்னு. பர்த்தோலோ மஸ்காரெல்லோ, ஜாக்கோமோ கொந்தெர்னோ வீடு மாதிரி பழைய ஆளுங்க வாரக்கணக்குல ஊற வெச்சு, பல ஆயிரம் லிட்டர் பிடிக்குற பழைய பீப்பாயில வருஷக்கணக்கா வெக்கிறத விடவே இல்ல. இன்னிக்கு நிறைய பேரு பெரிய பீப்பாய்க்கே திரும்பி வந்துட்டாங்க, அது சரியான முடிவுன்னு நான் நினைக்கிறேன், நெபியோலோவோட ரோஜா வாசனையும் தார் வாசனையும் புது ஓக்கோட வனிலாவுல மூழ்கிப் போறது பெரிய நஷ்டம்.

மொந்தல்சினோவுல வந்த பிரச்சனை வேற மாதிரி, 2008-ல சில ப்ருனெல்லோவுல வேற திராட்சை கலந்திருக்குன்னு விசாரணை வந்து, லட்சக்கணக்கான லிட்டர் ஒயின் முடங்கிப் போச்சு. அந்த நேரத்துல விதியையே தளர்த்திட்டா தொல்லை விட்டுதுன்னு சொல்ற ஆளுங்களும் இருந்தாங்க. ஆனா அதே வருஷம் அக்டோபர்ல அந்த ஊர் தயாரிப்பாளர் சங்க உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு 100 சதவீதம் சாஞ்ஜோவேசேன்னே இருக்கட்டும்னு முடிவு பண்ணாங்க, 2011-ல அவங்களோட சின்ன ஒயினான ரோஸ்ஸோவுக்கும் அதே முடிவுதான். நெபியோலோவ தனியா நிக்க வெக்கிறது கஷ்டம் இல்ல, அதுக்கு எலும்பு பலம் பிறவியிலயே இருக்கு. சாஞ்ஜோவேசேவ துணையில்லாம நிக்க வெக்கத்தான் கொடி, மகசூல், அறுவடை நாள் எல்லாத்துலயும் தைரியம் வேணும், இந்த ஒரு விஷயத்துல ப்ருனெல்லோ பக்கம்தான் என் ஓட்டு.

வயசாகும்போது என்ன ஆகுதுன்னா, துவர்ப்புப் பொருட்கள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகி வண்டலா அடியில தங்கும், நிறம் செங்கல் ஓரத்துக்குப் போகும், பழ வாசனை குறைஞ்சு வேற வாசனைங்க எழும். பரோலோவுல காய்ஞ்ச ரோஜா, தார், ஆல்பா வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில விளையுற வாசனைக் காளான்) ஞாபகம் வர்ற மாதிரி மண்வாசனை. ப்ருனெல்லோவுல காய்ஞ்ச செர்ரி, தோல், டீத்தூள், ஆரஞ்சுத் தோல். வாசனைக்கு பரோலோ, சாப்பாட்டு மேஜைக்கு ப்ருனெல்லோ, கறி நெருப்புல வாட்டி சாப்பிடுறவங்களுக்கு ரெண்டாவதுதான் கைகொடுக்கும்.

வாங்குறதுன்னா 2010, 2016 ரெண்டு ஊருக்குமே அருமையான வருஷம். 2010 ப்ருனெல்லோவ இப்பவே தாராளமா திறக்கலாம், செர்ராலுங்கா பக்கத்து 2016 பரோலோவ இப்போ திறக்குறது அவசரம். குளிர் கேபினட் இருந்து 12-14 டிகிரியில வருஷக்கணக்கா வெக்க முடியும்னா பரோலோவுக்கே காசு போடுங்க, அதுல கிடைக்குற முடிவு ப்ருனெல்லோவுல கிடைக்காது. சென்னை, மதுரை வெயில்ல அலமாரியில வெக்கிறதா இருந்தா ரெண்டுமே வேண்டாம், ரெண்டு கோடைக்குள்ள ஒயின் வெந்துடும், அந்தக் காசுல ரோஸ்ஸோ தி மொந்தல்சினோ வாங்கி அந்த மாசமே குடிச்சிடுங்க, அதே கொடி, அதே மண்ணு, ஒரு வருஷத்துலயே வெளிய வர்ற ஒயின். நெபியோலோ தான் வேணும்னா பார்பரெஸ்கோ பாருங்க, பரோலோவுக்கு வடகிழக்கால பக்கத்து ஊர்தான், 26 மாசத்துலயே வெளிய வருது, பரோலோ அளவுக்கு முரண்டும் பிடிக்காது. பழைய பாட்டில் எதுவா இருந்தாலும் திறக்குறதுக்கு முந்தின நாளே நிமிர்த்தி வெச்சிடுங்க, வண்டல் கீழ இறங்கட்டும், ஊத்தும்போது கடைசி ரெண்டு விரக்கடைய பாட்டில்லயே விட்டுடுங்க.