எட்டுக் கோள்களா, மாலைப் பிறையா? இஸ்லாமிய மழலையர் வகுப்பில் விண்வெளிப் பாடம்

நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு விண்வெளியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க நினைக்கும் இஸ்லாமிய மழலையர் பள்ளி ஆசிரியையின் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. சூரியக் குடும்பப் படத்தைச் சுவரில் மாட்டி, கோள்களின் பெயர்களையும் ராக்கெட்டையும் அறிமுகப்படுத்துவது ஒன்று. குர்ஆன் வசனங்களை எடுத்துக்கொண்டு, இன்றைய அறிவியல் அவற்றில் முன்பே சொல்லப்பட்டிருக்கிறது என்று காட்டுவது மற்றொன்று. பிள்ளைகள் வீட்டில் கேட்டுப் பழகிய பிறையிலும் தொழுகை நேரத்திலும் தொடங்கி, அவர்களை வானத்தைப் பார்க்கவைப்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. எனினும் இந்த வயதுக்கு மூன்றாவதே முதலில் வரவேண்டும், முதலாவது அதன் பின்னால் வரலாம், இரண்டாவதைப் பெரிய வகுப்புகளுக்குக்கூட யோசித்தே கொண்டுபோக வேண்டும் என்பது என் கணிப்பு.

கோள் படத்தின் பலம் வெளிப்படையானது. பிள்ளைகளுக்குப் பெயர்ப் பட்டியல் பிடிக்கும். புதன் முதல் நெப்டியூன் வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் பூரித்துப்போவார்கள். ஆண்டு விழா மேடைக்கும் அது தோதானது. ஆனால் அந்தப் படத்தில் சூரியனும் பூமியும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. உண்மையில் சூரியனின் விட்டம் பூமியின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய 109 மடங்கு; இடைத்தூரத்தையும் அதே அளவில் வரைய எந்த வகுப்பறைச் சுவரும் போதாது. இதைவிடச் சிக்கலானது, தான் நிற்கும் தரையும் படத்திலுள்ள நீல உருண்டையும் ஒன்றே என்று பிள்ளை எடுத்துக்கொள்வதில்லை என்பது. ஸ்டெல்லா வோஸ்னியாடூ, வில்லியம் புரூவர் இருவரும் அமெரிக்காவில் 60 பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 1992இல் வெளியிட்ட ஆய்வில், பூமி உருண்டை என்று சரியாகச் சொன்னவர்களிலும் சிலர், வானத்தில் ஓர் உருண்டைப் பூமியும் காலடியில் ஒரு தட்டைப் பூமியுமாக இரண்டு பூமிகளை மனத்தில் வைத்திருந்தார்கள். வேறு சிலர் உருண்டைக்கு உள்ளே தட்டையான தரையில் மனிதர்கள் வாழ்வதாக எண்ணினார்கள். அவர்கள் முதல் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்கள் என்றால், எல்.கே.ஜி. பிள்ளையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

வசனத்தையும் அறிவியலையும் பொருத்திக்காட்டும் வழிக்கு நம் பள்ளிகளின் கண்காட்சிகளில் செல்வாக்கு அதிகம். வானத்தை விரிவாக்குவதாகப் பொருள்கொள்ளப்படும் குர்ஆனின் 51ஆம் அத்தியாயத்து 47ஆம் வசனத்தை அழகாக எழுதி, அதன் கீழே, விண்மீன் மண்டலங்கள் விலகிச் செல்வதாக 1929இல் ஹபிள் வெளியிட்ட முடிவை ஒட்டிவைப்பது வழக்கமான உதாரணம். ஐந்து வயதில் விரிவடையும் பிரபஞ்சம் என்பதே பிடிபடாது. பிடிபடாத ஒன்றைக்கொண்டு நம்பிக்கைக்கு முட்டுக்கொடுப்பதில் பயனில்லை. மேலும், அறிவியலின் கணக்குகள் திருத்தப்படக்கூடியவை. யூசுஃப் நபி கனவில் கண்ட பதினொரு நட்சத்திரங்களைச் சூரியக் குடும்பத்தின் கோள்களாக எண்ணிக்காட்டும் பேச்சுகள் உண்டு; 2006இல் புளூட்டோவை நீக்கிய பிறகு கோள்கள் எட்டுதான். இந்த வழியைப் பிடித்தால், சந்திரனில் நீல் ஆம்ஸ்ட்ராங் பாங்கு (தொழுகை அழைப்பு) ஓசை கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்ற கதையும் கூடவே வகுப்புக்குள் நுழைந்துவிடும். அவரே மறுத்த கதை அது. தவிர, காற்றில்லாத சந்திரனில் ஓசை பரவ வழியும் இல்லை. வசனங்களை ஓதவேண்டாம் என்பதல்ல என் வாதம். சூரியன் சந்திரனை எட்டிப்பிடிக்காது, இரவு பகலை முந்தாது, ஒவ்வொன்றும் தன் வட்டத்தில் நீந்துகிறது என்னும் 36:40 வசனத்தை வியப்போடு ஓதிக் கேட்கவைத்தாலே போதும். அதை ஆய்வுக்கூடச் சான்றாக மாற்றவேண்டியதில்லை.

மூன்றாவது வழிக்குப் பிள்ளையின் வீடே பாதி வகுப்பறை. நோன்பு பிறை தெரிந்ததா என்று வாப்பாவும் உம்மாவும் மொட்டைமாடிக்கு ஏறுவதைப் பிள்ளை பார்த்திருக்கும். பிறைகள் மக்களுக்கும் ஹஜ்ஜுக்கும் காலம் காட்டுபவை என்று குர்ஆன் (2:189) சொல்வதை அது ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கிறது. பள்ளி நடப்பது காலையில், பிறை தெரிவது மாலையில் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் சந்திர மாதத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ பிறை 20 முதல் 24 வரை, காலை ஒன்பது மணிக்கு நிலா மேற்கு வானில் வெளிறி நிற்கும். பகலில் நிலா வராது என்று உறுதியாகச் சொல்லும் பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தி அதைக் காட்டலாம். மற்ற நாட்களுக்கு, 30 கட்டங்கள் போட்ட கறுப்பு அட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, தெரிந்த வடிவத்தைச் சாக்பீஸால் வரைந்துவரச் சொல்லலாம்.

அந்த அட்டை சுவர்ப்படம் சொல்லாததைச் சொல்லும். காயல்பட்டினமும் இலங்கையின் காத்தான்குடியும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், அங்கே மாலைப் பிறை கொடிகளில் வரைந்திருப்பதுபோல் நிமிர்ந்து நிற்காது, தோணிபோல் மல்லாந்து கிடக்கும். கொம்புகளுக்கு நடுவே நட்சத்திரமும் இராது, ஏனெனில் நிலாவின் இருண்ட பகுதி அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. மாதக் கடைசியில் ஃபஜ்ர் (அதிகாலைத் தொழுகை) நேரத்தில் கிழக்கே தெரியும் மெலிந்த பிறையைக் குர்ஆன் (36:39) காய்ந்த பழைய பேரீச்சங்குலைக் காம்புக்கு ஒப்பிடுகிறது. நம் ஊரில் ஓர் ஈச்சங்குலைக் காம்பைக் காயவைத்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் பிள்ளை தானே பொருத்திப்பார்க்கும். நட்சத்திரம், சந்திரன், சூரியன் என ஒவ்வொன்றும் மறைவதைக் கண்டு, மறைபவற்றை நான் நேசிக்கமாட்டேன் என்று இப்ராஹீம் நபி சொன்ன வரலாறும் (6:76–79) இங்கேதான் பொருந்தும். மறைவதைப் பார்த்த பிள்ளைக்குத்தான் அந்த வரலாறு புரியும்.

நிழலும் அப்படியே. முற்றத்தில் நட்ட குச்சியின் நிழல் காலையில் நீண்டு, லுஹருக்கு (நண்பகல் தொழுகைக்கு) முன் சுருங்கி, பிறகு மறுபக்கம் வளர்கிறது. நண்பகல் நிழலைக் கழித்து, மீதி நிழல் குச்சியின் உயரத்தை எட்டினால் ஷாஃபிஈ சட்ட மரபின் வழியில் அஸர் (பிற்பகல் தொழுகை) நேரம் தொடங்குகிறது. ஹனஃபி மரபின் வழியில் இரு மடங்கு வேண்டும். இந்தக் கணக்கைப் பிள்ளையிடம் முழுதும் சொல்லவேண்டாம், நிழல் வளர்வதைக் கயிறு வைத்து அளந்தால் போதும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் காயல்பட்டினத்தில் நண்பகல் குச்சிக்கு நிழலே இருக்காது என்பது பெரியவர்களுக்கும் புதிதாக இருக்கலாம்.

இந்த வழியின் குறைகளையும் சொல்லவேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அட்டையின் பாதிக் கட்டங்கள் வெறுமையாகவே திரும்பும். முதல் பிறை மக்ரிபுக்குப் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகைக்குப்) பின் சற்று நேரத்திலேயே இறங்கிவிடும். மேலே சொன்ன இரண்டு ஊர்களிலும் கடல் இருப்பது கிழக்கே என்பதால், மேற்கில் மறைக்க வீடுகளும் தென்னைகளும் உண்டு. மாதத் தொடக்கத்தை முடிவுசெய்வது உள்ளூர்ப் பிறையா, சர்வதேசப் பிறையா, கணக்கீடா என்ற பெரியவர்களின் சண்டையை அட்டையோடு சேர்த்து வகுப்புக்குள் விடாமல் பார்த்துக்கொள்வதும் எளிதல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு நாள் அண்ணாந்து பார்த்தாலும் பூமி உருண்டை என்பது வானத்தைப் பார்த்துப் பிள்ளைக்கு விளங்காது. அதற்கு விண்வெளியிலிருந்து எடுத்த பூமியின் படமும், இருட்டறையில் ஒரு விளக்கும், பிள்ளை கையில் ஏந்திச் சுற்றிவர ஒரு பந்தும் வேண்டும். யு.கே.ஜி.யில் கோள் படம் நுழையவேண்டிய இடம் இதுதான்.

ராக்கெட்டும் அப்போது வரட்டும். மலேசியாவின் ஷேக் முஸஃபர் ஷுகூர் 2007இல் ரமலான் மாதத்தில் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, ஒரு நாளில் பதினாறு முறை சூரியன் உதிக்கும் இடத்தில் எப்படித் தொழுவது என்று அந்நாட்டு மார்க்க அறிஞர்கள் வழிகாட்டிக் குறிப்பே வெளியிட்டார்கள். நிழலை அளந்து பழகிய பிள்ளைக்கு இது சுவையான புதிர். அல்லாஹ் எந்தக் கோளுக்குப் பக்கத்தில் இருக்கிறான் என்ற கேள்வியும் ராக்கெட்டோடு சேர்ந்தே வரும். அதற்கான பதிலைப் பள்ளியின் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. அந்த நேரத்தில் தோன்றியதைச் சொல்லிவிட்டால் திருத்துவது கடினம்.

2027 ஆகஸ்டு 2 அன்று மக்காவில் முழுச் சூரிய கிரகணம், தென்னிந்தியாவில் பகுதியளவே. முஹம்மது நபியவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் கிரகணம் பிடித்தபோது, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரிய சந்திரர்களுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் கூறியது ஹதீஸில் பதிவாகியிருக்கிறது. அந்த 2027 கிரகண நாளில் கிரகணத் தொழுகைக்கு வரும் பிள்ளைகளைச் சூரியனை நேராகப் பார்க்கவிடாமல், பள்ளிவாசல் மரத்தடியில் இலையிடுக்குகள் வழியே விழும் ஒளிப்பொட்டுகளைப் பார்க்கச் சொல்லலாம். அவை ஒவ்வொன்றும் கடித்த வடிவில் தரையில் கிடக்கும்.