டொயோட்டா பங்கு வாங்கலாமா? வைத்திருப்பவரின் மதிப்பீடு

டோக்கியோ பங்குச்சந்தையில் 7203 என்ற எண்ணில் வர்த்தகமாகும் டொயோட்டா பங்கு சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது, டிவிடெண்ட் (லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் பணம்) ஒழுங்காக வருகிறது, விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் யாராவது இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். நல்ல கம்பெனி, அதில் சந்தேகமே வேண்டாம். இதை வாங்குகிறவர் யென்னின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே வாங்குகிறார், அது தெரியாமல் நுழைகிறவர்கள்தான் முதல் சரிவிலேயே பயந்து விற்றுவிட்டுப் போகிறார்கள். அதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

காலாண்டு முடிவுகள் வந்ததும் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு பக்கத்தை. செயல்பாட்டு லாபம், அதாவது தொழிலை நடத்தியதில் மட்டும் வந்த லாபம், போன வருடத்திலிருந்து இந்த வருடத்துக்கு எப்படி மாறியது என்று பட்டைப் படம் போட்டிருப்பார்கள். இடது ஓரத்தில் பழைய லாபம், வலது ஓரத்தில் புது லாபம், நடுவில் ஏறியும் இறங்கியும் சில பட்டைகள்: நாணய மாற்றால் வந்தது எவ்வளவு, செலவைக் குறைத்ததால் எவ்வளவு, விற்பனையாலும் விலை உயர்வாலும் எவ்வளவு, சம்பளம் ஆராய்ச்சி என்று போனது எவ்வளவு. இந்த ஒரு படத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் செய்தித் தலைப்புகளில் பாதியைப் படிக்கவே தேவையில்லை.

உதாரணத்துக்கு, 2023 மார்ச்சில் முடிந்த நிதியாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். யென் மதிப்பு சரிந்தால் வெளிநாட்டில் சம்பாதித்த டாலரை மாற்றும்போது அதிக யென் கிடைக்கும்; அதனால் மட்டுமே அந்த வருட லாபத்தில் ஒரு லட்சம் கோடி யென்னுக்கு மேல் கூடியிருந்தது. அப்படியும் செயல்பாட்டு லாபம் 2.99 லட்சம் கோடி யென்னிலிருந்து 2.72 லட்சம் கோடியாகக் குறைந்தது, ஏனென்றால் மூலப்பொருள் விலை அதைவிட அதிகமாக விழுங்கிவிட்டது. அடுத்த வருடமே கதை தலைகீழ். விலை ஏற்றினார்கள், ஹைப்ரிட் வண்டிகள் அள்ளிக்கொண்டு போயின, யென்னும் கை கொடுத்தது, லாபம் 5.35 லட்சம் கோடி. ஜப்பானில் ஒரு கம்பெனி 5 லட்சம் கோடியைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. பங்கு விலையும் 2024 மார்ச்சில் 3,800 யென்னுக்கு மேல் போனது.

டாலருக்கு எதிராக யென் ஒரே ஒரு யென் அசைந்தால் டொயோட்டாவின் வருட லாபத்தில் சுமார் 5,000 கோடி யென் கூடும் அல்லது குறையும், இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 160 யென்னைத் தாண்டியிருந்த நிலவரம், ஆகஸ்ட் தொடக்கத்தில் 145-க்குக் கீழே வந்துவிட்டது. ஆகஸ்ட் 5 அன்று ஜப்பான் பங்குச்சந்தையின் முக்கியக் குறியீடான நிக்கேய் ஒரே நாளில் 12.4 சதவீதம் விழுந்தது, டொயோட்டாவும் அதோடு சேர்ந்து விழுந்தது. அந்த ஒரு மாதத்தில் கார் வாங்குகிறவர்கள் யாரும் மனம் மாறிவிடவில்லை. மாறியது நாணயம் மட்டும்தான். அன்றைக்கு விற்றவர்களுக்கு இந்தப் பட்டைப் படம் தெரிந்திருந்தால் கொஞ்சம் பொறுத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

யென்னுக்கு அடுத்தது அமெரிக்கா. 2025 ஏப்ரலில் கார் இறக்குமதிக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டதும், அந்த நிதியாண்டில் இதனால் 1.4 லட்சம் கோடி யென் வரை லாபம் அடிபடும் என்று டொயோட்டாவே பின்னர் கணக்கு சொன்னது. ஜூலையில் மொத்த வரி 15 சதவீதம்தான் என்று இரு நாடுகளுக்கும் உடன்பாடு வந்த செய்தி கிடைத்த நாளில் பங்கு 14 சதவீதம் ஏறியது. இவ்வளவு பெரிய கம்பெனி, ஒரு நாளில் 14 சதவீதம்! நிதானமான பங்கு என்று நம்பி வருகிறவர்கள் இதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

டிவிடெண்டில் எனக்கு முழுத் திருப்தி. 2021 மார்ச்சில் முடிந்த வருடத்துக்கு, பின்னால் ஒரு பங்கை ஐந்தாகப் பிரித்ததையும் கணக்கில் எடுத்தால், பங்குக்கு 48 யென். அப்புறம் 52, 60, 75, 2025 மார்ச்சில் முடிந்த வருடத்துக்கு 90. மே கடைசி வாக்கில் ஒன்று, நவம்பர் கடைசி வாக்கில் ஒன்று என இரண்டு தவணையாக வருகிறது. இது எப்போதும் ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2009 மார்ச்சில் முடிந்த வருடத்தில் உலக நிதி நெருக்கடியில் சிக்கி டொயோட்டா 43,700 கோடி யென் நஷ்டம் காட்டியது. அப்போது பிரிப்புக்கு முந்தைய கணக்கில் 140 யென்னாக இருந்த டிவிடெண்ட் 100 ஆகி, அடுத்த வருடம் 45-க்கு வந்தது. வெட்டினார்கள்தான், ஆனால் நிறுத்தவில்லை. நான் இந்தப் பங்கைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

டிவிடெண்ட் சதவீதத்தை மட்டும் பார்த்து கார் பங்கு வாங்குகிறவர்களுக்கு நிசானை விடப் பெரிய பாடம் கிடையாது. 2019 மார்ச்சில் முடிந்த வருடத்துக்கு 57 யென் கொடுத்தார்கள், அப்போதைய விலைக்கு அது 5, 6 சதவீதம், பார்க்கிறவர்களுக்கு வாய் ஊறும். அடுத்த வருடம் 10 யென், அதற்கடுத்த வருடம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி கொடுக்க ஆரம்பித்து, 2025 மார்ச்சில் முடிந்த வருடத்தில் 67,000 கோடி யென்னுக்கு மேல் நஷ்டம் வந்து மறுபடி இழுத்து மூட வேண்டியிருந்தது. ஹோண்டாவோடு இணையும் பேச்சும் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை, 2024 டிசம்பரில் அறிவித்து 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். அதனால் கொடுக்கிற டிவிடெண்ட், வருகிற லாபத்தில் எவ்வளவு பகுதி என்று பாருங்கள். டொயோட்டாவில் சமீப வருடங்களில் அது சுமார் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே இருந்து வந்திருக்கிறது, கெட்ட வருடம் வந்தாலும் தாக்குப்பிடிக்க இடம் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் மிரள்கிற இன்னொரு இடம் கடன். இருப்புநிலைக் குறிப்பைத் திறந்தால் 30 லட்சம் கோடி யென்னுக்கு மேல் கடன் தெரியும், சில செயலிகள் சிவப்பில் எச்சரிக்கையே போடும். அந்தக் கடனில் பெரும்பகுதி டொயோட்டாவின் நிதிப் பிரிவு வாங்கி, கார் வாங்குகிறவர்களுக்குத் தவணைக் கடனாகக் கொடுத்திருப்பது, எதிர்ப்பக்கத்தில் அதே அளவுக்கு வரவேண்டிய பணம் இருக்கிறது. வாகனத் தொழிலையும் நிதித் தொழிலையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணையையும் அவர்களே தருகிறார்கள், அதைப் பார்த்தால் வாகனப் பக்கம் கையில் ரொக்கம் ஏராளமாக இருப்பது தெரியும். அமெரிக்காவில் வட்டி ஏறி, தவணை கட்ட முடியாதவர்கள் கூடினால் நிதிப் பிரிவுக்கு அடி விழும், அந்த ஆபத்து உண்மையானது. ஆனால் அது வேறு விதமான ஆபத்து.

எனக்குப் பிடிக்காத விஷயம் நிர்வாகம். 2022-லிருந்து ஹினோ, டைஹாட்சு, டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் என்று குழுமத்தில் ஒவ்வொன்றாக வாகன, இன்ஜின் பரிசோதனை முறைகேடுகள் வெளியே வந்தன, 2024 ஜூனில் டொயோட்டாவின் பெயரே அடிபட்டது. அந்த மாதப் பங்குதாரர் பொதுக்குழு வாக்கெடுப்பில் தலைவர் அகியோ டொயோடாவுக்குக் கிடைத்த ஆதரவு 72 சதவீதத்துக்கு இறங்கியது, முந்தைய வருடம் அது 85 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 2025-ல் திரும்பவும் 97 சதவீதத்துக்குப் போய்விட்டது, அவ்வளவு சீக்கிரம் மறந்திருக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. அப்புறம் டொயோட்டா இண்டஸ்ட்ரீஸை டொயோடா குடும்பமும் குழுமமும் மொத்தமாக வாங்கிச் சந்தையிலிருந்து எடுக்கும் திட்டம். 2025 ஜூனில் பங்குக்கு 16,300 யென் என்று அறிவித்தார்கள், அன்றைய சந்தை விலை அதைவிட அதிகம். சிறு பங்குதாரர்களும் எலியட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனமும் எதிர்த்த பிறகு விலையை உயர்த்த வேண்டி வந்தது. அந்தக் கம்பெனியின் பங்கு என்னிடம் இல்லை, இருந்தாலும் குடும்பத்துக்கும் குழுமத்துக்கும் சாதகமான விலையில் முதலில் ஆரம்பித்தார்கள் என்பது மனதை உறுத்துகிறது. பங்குதாரரை எப்படி நடத்துகிறார்கள் என்று மதிப்பெண் போடச் சொன்னால், டிவிடெண்டுக்கு நல்ல மதிப்பெண்ணும் இதற்குக் குறைவாகவும்தான் போடுவேன்.

வாங்கும் முறையில் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். டோக்கியோவில் 100 பங்குகள் ஒரு தொகுதி. 2021 அக்டோபரில் ஒரு பங்கை ஐந்தாகப் பிரிப்பதற்கு முன் ஒரு தொகுதிக்கே 10 லட்சம் யென் வரை தேவைப்பட்டது, இப்போது பங்கு 3,000 யென் என்றால் 3 லட்சம் யென் போதும். நியூயார்க்கில் டிஎம் என்ற குறியீட்டில் கிடைக்கும் ஏடிஆரில் (வெளிநாட்டுப் பங்குக்கு ஈடாக அமெரிக்காவில் வர்த்தகமாகும் சான்றிதழ்) ஒன்று 10 பங்குகளுக்குச் சமம், சின்னத் தொகை வைத்திருப்பவர்களுக்கு அதுதான் வசதி. டிவிடெண்டுக்கு உரிய பங்குதாரர் பட்டியல் மார்ச் 31, செப்டம்பர் 30 தேதிகளில் எடுக்கப்படுகிறது, அதில் பெயர் வர அதற்கு இரண்டு வேலை நாட்கள் முன்பே வாங்கியிருக்க வேண்டும். வெளிநாட்டவர் டிவிடெண்டில் ஜப்பான் 15.315 சதவீதம் பிடித்துக்கொள்ளும், வரி ஒப்பந்தம் உள்ள நாட்டுக்காரர்கள் படிவம் கொடுத்தால் பலருக்கு அது குறையும். நான் பயன்படுத்தும் புரோக்கரிடம் இந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, நாணயத்தை மாற்றும்போது அவர்கள் எடுத்துக்கொள்ளும் வித்தியாசமும் கமிஷனை விடப் பெரியது. கணக்கு தொடங்கும் முன் இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

என் பரிந்துரை: ஐந்து வருடத்துக்குத் தொடாத பணம் இருந்து, யென்னின் ஆட்டத்தைப் பார்த்து தூக்கம் கெடாதவர் என்றால் வாங்கலாம், ஒரே நாளில் வாங்காமல் யென் வலுப்பட்டு எல்லோரும் விற்கும் வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது மேல். ஒரு வருடத்தில் இரட்டிப்பாக்க நினைப்பவர்களுக்கு இது ஏற்ற பங்கு இல்லை.