என் உலாவியைக் கொண்டே என் தளத்தை மாற்றவிட்ட செருகுநிரல்

வேர்ட்பிரஸ் என்னும் தளம் அமைக்கும் மென்பொருளில் இயங்கும் என் தளத்தில் பழைய பக்க முகவரிகளைப் புதியவற்றுக்குத் திசைதிருப்புவதற்காகப் பணம் கொடுத்து ஒரு செருகுநிரலை (கூடுதல் வசதி தரும் இணைப்பு மென்பொருளை) வாங்கியிருந்தேன். அதனால் நேர்ந்ததையும், விற்றவர்கள் நடந்துகொண்ட விதத்தையும், அத்தகைய செருகுநிரல்களைப் பயன்படுத்துவோர் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நிர்வாகக் கணக்கில் நுழைந்திருந்த வேளையில், மின்னஞ்சலில் வந்த ஒரு சுட்டியை அதே உலாவியில் திறந்தேன். ஒரு கணம் வெற்றுப் பக்கம் தெரிந்து, பிறகு அந்தச் செருகுநிரலின் அமைப்புப் பக்கம் வந்து நின்றது. கைதவறி எதையோ அழுத்திவிட்டேன் என்றெண்ணி மூடிவிட்டேன். மறுநாள் என் தளத்துக்கு வந்தவர்கள் அனைவரும் ஒரு சூதாட்டப் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கடவுச்சொல் கசிந்திருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள் என்று விற்றவர்கள் பதில் எழுதினார்கள். மாற்றினேன். ஆனால் சேவையகப் பதிவுகளைப் புரட்டியபோது, அமைப்பை மாற்றிய கோரிக்கை என் சொந்த ஐபி முகவரியிலிருந்தே, அதாவது என் இணைய இணைப்பிலிருந்தே வந்திருந்தது. சூதாட்டப் பக்கத்தின் முகவரியும் அந்த வரியிலேயே முழுதாக இருந்தது.

ஒரு தளத்துக்குச் செல்லும் கோரிக்கையோடு அத்தளத்தின் குக்கிகளையும், அதாவது நாம் உள்நுழைந்திருப்பதைக் காட்டும் சிறு தரவுகளையும், உலாவி தானாகவே சேர்த்தனுப்பும். அக்கோரிக்கையைத் தூண்டியவர் யார் என்பதைக் குக்கி சொல்லாது; வேறொரு பக்கம் தூண்டியிருந்தாலும் நானே அனுப்பியதாகத் தளம் எடுத்துக்கொள்ளும். இதைத் தடுக்கவே, படிவத்தோடு சேர்ந்து வரவேண்டிய, வெளியார் ஊகிக்க முடியாத, இயல்பாக அதிகபட்சம் 24 மணி நேரம் செல்லுபடியாகும் நான்ஸ் என்னும் குறியீட்டை வேர்ட்பிரஸ் தருகிறது. அது இந்தச் செருகுநிரலின் படிவத்திலும் இருந்தது என்பதுதான் வேடிக்கை. நிரலைத் திறந்து படித்தால், நான்ஸ் வந்திருந்தால் மட்டும் அது சரியானதா என்று சோதிக்கிறார்கள். வராமலே போனால் சோதனையைத் தாண்டி அமைப்பைச் சேமித்துவிடுகிறார்கள். சீட்டோடு வருபவரை நிறுத்திச் சரிபார்த்து, சீட்டில்லாதவரை உள்ளே விடும் காவல் இது.

குரோம் உலாவி 2020 முதல், எப்போது அனுப்பலாம் என்ற தனி அறிவுறுத்தல் இல்லாத குக்கிகளை, பிற தளங்கள் தூண்டும் போஸ்ட் கோரிக்கைகளோடு (படிவங்களை அனுப்பும் வகை) பெரும்பாலும் அனுப்புவதில்லை. இவர்களோ கெட் கோரிக்கையிலும் (ஒரு முகவரியைத் திறந்தாலே போகும் வகை) அமைப்பை மாற்ற இடம் கொடுத்திருந்ததால், சுட்டிவழிப் பக்கம் மாறும்போது குக்கியும் கூடவே போய், அந்தக் காப்பும் வீணாயிற்று.

நிரலின் வரி எண்ணோடு மீண்டும் எழுதினேன். தெரியாத சுட்டிகளைத் திறந்தது என் தவறு என்றார்கள், பணத்தையும் திருப்பித் தரவில்லை. சுட்டியைத் திறந்தது என் கவனக்குறைவுதான், மறுக்கவில்லை. இப்போது நிர்வாகப் பணிக்கென்றே தனி உலாவி வைத்திருக்கிறேன். சில வாரங்களில் அவர்களுடைய புதிய பதிப்பு வந்தது. நான் காட்டிய ஓட்டை அதில் அடைக்கப்பட்டிருக்கிறது. மாற்றக் குறிப்பில் மட்டும் ‘சிறு மேம்பாடுகள்’ என்றே இருக்கிறது.