ஆறு வருசமா கடைல ஐபி அட்ரஸோட குடும்பம் நடத்துன அனுபவம்

மதுரை ஆரப்பாளையம் பக்கத்துல 2019ல கடை போட்டேன். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், பட்டா சிட்டா எடுத்துக் குடுக்குறது, பரீட்சைக்கு அப்ளிகேசன் போடுறதுனு எல்லாம் ஓடும். மூணு கம்ப்யூட்டர், ஒரு நெட்வொர்க் பிரிண்டர், நாலு கேமரா படத்த பதிஞ்சு வைக்க ஒரு டிவிஆர், வைபை ரவுட்டர், அம்புட்டுதான் சாமான். இந்த சாமானுக்கெல்லாம் ரிவ்யூ தேடுனா ஆயிரம் கிடைக்கும். அதுக்குள்ள ஓடுற ஐபி நம்பர, அதாவது நெட்வொர்க்ல ஒவ்வொரு மிசினுக்கும் இருக்குற கதவு நம்பர, எப்படி வச்சுக்கிட்டா நிம்மதியா இருக்கலாம்னு ஒருத்தரும் எழுதல, நா அடி வாங்கித்தான் கத்துக்கிட்டேன், அதான் எழுதுறேன்.

முத மாட்டுனது எல்லாமே ஆட்டோ. அதாவது டிஹெச்சிபி. டவுன்ஹால் ரோடு லாட்ஜுல அன்னைக்கு எந்த ரூம் காலியோ அந்தச் சாவிய குடுப்பாங்கள்ல, அதே மாதிரி ரவுட்டர் அன்னைக்கு எந்த நம்பர் காலியோ அத கொஞ்ச நேரத்துக்கு வாடகைக்கு விடும். போனுக்கும் லேப்டாப்புக்கும் இது போதும். ஆனா பிரிண்டருக்கு ஆகாது. நம்ம ஊருல கரண்ட் போயிட்டு வந்துச்சுனா ரவுட்டர் பழைய கணக்க மறந்துரும், பிரிண்டர் எந்திரிச்சு வாரதுக்குள்ள வேற எதாவது அந்த நம்பர வாங்கிரும், கம்ப்யூட்டர் பழைய நம்பருக்கே அனுப்பிட்டு உக்காந்துருக்கும், ஸ்கிரீன்ல ஆப்லைன்னு வரும். நா பிரிண்டர்தான் கோளாறுனு நெனச்சு ஒரு கேபிள் மாத்துனேன், டிரைவர மூணு தடவ அழிச்சு அழிச்சு போட்டேன். நடுவுல கொரோனா வேற, கடையே பாதி நாள் பூட்டு, அதனால இத பெருசா கண்டுக்கல.

அப்பறம் ஒரு தம்பி சொன்னாப்ல, அண்ணே பிரிண்டருக்கு ஸ்டேட்டிக் ஐபி போட்டு விட்டுருங்கண்ணே, தொந்தரவே இருக்காதுன்னு. ஸ்டேட்டிக்னா மாறாத நம்பர். பிரிண்டர் மெனுலயே போயி 192.168.1.5 னு போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நல்லா ஓடுச்சு, 2022ல குரூப் 4 ஹால் டிக்கெட் வந்த நேரம் வரைக்கும். அன்னைக்கு வாசல் வரைக்கும் கூட்டம், வரவங்களுக்கெல்லாம் வைபை பாஸ்வேர்ட் குடுத்து பைல அனுப்பச் சொல்லிட்டு இருக்கேன், ஒரு பக்கம் பிரிண்ட் வருது, அடுத்தது வரல, திரும்ப ரெண்டு வருது, அப்பறம் செத்துப்போச்சு. ராத்திரி உக்காந்து பாத்தா, ரவுட்டர் 2ல இருந்து 254 வரைக்கும் எல்லா நம்பரையும் தன்னோடதா நெனச்சு வாடகைக்கு விட்டுக்கிட்டு இருக்கு. 5ம் நம்பர்ல பிரிண்டர் குடியிருக்குறது அதுக்குத் தெரியாது, வந்த எவனோ ஒருத்தன் போனுக்கும் அதே 5. ஒரே கதவு நம்பருக்கு ரெண்டு வீடு இருந்தா தபால்காரர் என்ன செய்வாரு பாவம்.

அதுக்கு மருந்து ரொம்ப சின்னது. ரவுட்டர்ல டிஹெச்சிபி பக்கத்துக்குப் போயி ஆரம்பம் 100, முடிவு 200 னு மாத்துனேன். வாடகைக்கு விடுறது அதுக்குள்ள மட்டும். 10ல இருந்து 50 வரைக்கும் நா கையால குடுக்குறது: பிரிண்டர் 10, டிவிஆர் 20, கம்ப்யூட்டர் மூணும் 31, 32, 33. ஒரு ஏ4 பேப்பர்ல பிரிண்ட் போட்டு ரவுட்டர் பக்கத்துல சுவத்துல ஒட்டிட்டேன். ஆறு வருசத்துல நா செஞ்சதுலயே உருப்படியான வேல இதான், இதுக்கு அஞ்சு காசு செலவு இல்ல.

ரவுட்டர்லயே மேக் அட்ரஸ, அதாவது மிசின் செஞ்சப்பவே அதுக்குள்ள போட்ட அடையாள நம்பர, வச்சு ரிசர்வேசன்னு ஒண்ணு இருக்கு, அந்த மிசினுக்கு எப்பவும் அதே நம்பர் குடுக்கும். பிரிண்டருக்கு டிவிஆருக்கெல்லாம் அருமை. போனுக்கு போட்டுப் பாத்தேன், சொதப்பிருச்சு, ஏன்னா இப்ப வர போனெல்லாம் வைபைக்கு வைபை ஒரு பொய் மேக் அட்ரஸ் காட்டுது. செட்டிங்க்ஸ்ல அத ஆப் பண்ணாத்தான் வேல செய்யும்.

2023ல ஒரு இடியில ரவுட்டர் கருகிப்போச்சு. புதுசு வாங்கி மாட்டுனா போன்ல நெட் வருது, யூடியூப் ஓடுது, ஆனா கையால நம்பர் போட்ட பிரிண்டர், கம்ப்யூட்டர் எதுவும் கண்ணுக்கே தெரியல. இதுல ஒரு நாள் போச்சு. பழசு 192.168.1.1, புதுசு 192.168.0.1. ஒரே ஒரு நம்பர்தான வித்தியாசம்னு தோணும். நம்ம மாசி வீதிய நெனச்சுக்கங்க. மேலமாசி வீதி 10ம் நம்பரும் வடக்குமாசி வீதி 10ம் நம்பரும் ஒண்ணா? 255.255.255.0 னு சப்நெட் மாஸ்க்னு ஒண்ணு போடுறோம்ல, அது சொல்றது இதத்தான், முத மூணு நம்பரும் வீதி பேரு, கடைசி ஒண்ணு மட்டும் கதவு நம்பர்னு. ஒரே வீதின்னா நேரா போயி கதவத் தட்டிரும். வேற வீதின்னா கேட்வே கிட்ட, அதாவது ரவுட்டர்கிட்ட, குடுத்து அனுப்பும், அந்த கேட்வேக்கு என் பழைய வீதி எங்கிட்டு இருக்குன்னே தெரியாது. எல்லா மிசினையும் மாத்தாம புது ரவுட்டரோட நம்பர மட்டும் 192.168.1.1 னு மாத்துனேன், எல்லாம் எந்திரிச்சு உக்காந்துருச்சு. கதவு நம்பர் 0வும் 255ம் யாருக்கும் குடுக்க முடியாது, ஒண்ணு வீதிக்கே பேரு, இன்னொண்ணு வீதி பூராவும் மைக் போட்டு கூப்புடுறதுக்கு. அதான் ரவுட்டர் 254ஓட நிறுத்திக்குது.

இன்னொண்ணு, 169.254ல ஆரம்பிச்சு ஒரு நம்பர் வந்துச்சுன்னா ரவுட்டர்கிட்ட இருந்து பதிலே வரலன்னு அர்த்தம், மிசின் தானா ஒண்ணு வச்சுக்கிச்சு. எனக்கு ஒருக்கா வந்துச்சு, பாத்தா எலி கேபிள கடிச்சுருக்கு.

இனி கேமரா கதை. பைபாஸ் ரோட்டுல மச்சான் டீக்கடை வச்சிருக்காரு, அங்கயும் நாந்தான் டிவிஆர் மாட்டி விட்டேன். இங்க உக்காந்து அத பாக்கணும்னு வெளிய இருந்து வர்றத ரவுட்டர் நேரா டிவிஆருக்கு தள்ளி விடுற போர்ட் பார்வர்டிங் எல்லாம் போட்டேன், நாலு நாள் மல்லுக்கட்டியும் வரல. 192.168 நம்பருங்கறது ஓட்டல் டேபிள் நம்பர் மாதிரி, எல்லா ஓட்டல்லயும் 4ம் நம்பர் டேபிள் இருக்கும், ரோட்டுல நின்னு 4ம் டேபிளுக்கு ஒரு புரோட்டான்னு சொன்னா எவனுக்குப் புரியும். வெளிய தெரியிற நம்பர் ரவுட்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான், அதுதான் கல்லாவுல உக்காந்து யாருக்கு எதுன்னு பிரிச்சுக் குடுக்குது, அதுக்குப் பேருதான் நேட். சரி, அந்த ரவுட்டருக்காவது சொந்த நம்பர் இருக்கானு பாத்தா 100.72னு ஆரம்பிக்குது. 100.64ல இருந்து 100.127 வரைக்கும் நெட் கம்பெனிக்காரங்க உள்ளுக்குள்ள பொழங்குற நம்பராம், 2012ல ஒதுக்குனது. அந்த ஏரியாவுல பல வீடு சேந்து ஒரே நம்பர்ல வெளிய போறாங்க, இதுக்குப் பேரு சிஜிநேட். அந்த கூட்டத்துக்குள்ள மச்சான் டிவிஆர வெளிய இருந்து யாரு தேடிப் புடிக்க?

அவங்களையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது. 1981ல இந்த ஐபி வெர்சன் 4 வந்தப்ப ஒரு நம்பருக்கு 32 பிட்டு, அதாவது 0, 1 எழுத 32 இடம், போதும்னு விட்டாங்க, மொத்தமே 429 கோடி நம்பர். 2011 பிப்ரவரில உலகத்துக்கே பொதுவா வச்சிருந்த இருப்பு காலி, ஏப்ரல்ல நம்ம ஆசியா பக்கத்து ஸ்டாக்கும் அடிமட்டத்துக்கு வந்துருச்சு. 128 பிட்டு வெர்சன் 6 வந்து ரொம்ப நாளாச்சு, என் ஜியோ சிம்முல அதான் ஓடுது, எந்தத் தொந்தரவும் இல்ல. ஆனா மச்சான் கடை டிவிஆருக்கு வெர்சன் 6னா என்னன்னே தெரியாது, வாங்குனப்ப நானும் கேக்கல.

தனியா ஸ்டேட்டிக் ஐபி வேணும்னா மாசாமாசம் எக்ஸ்ட்ரா காசு கேக்குறாங்க. மச்சான் ஒத்துக்கல. அப்படியே கிடைச்சாலும் டிவிஆர நேரா வெளிய தொறந்து விட இப்ப எனக்கு மனசு வராது, நெறைய பேரு அட்மின் 12345னே பாஸ்வேர்ட் வச்சிருக்காங்க. அதனால டிவிஆர் கம்பெனி ஆப் வழியாத்தான் பாக்குறேன். கொஞ்சம் லேட்டாத்தான் வருது. மச்சான் கல்லாவுல டீயக் குடிச்சு கிளாச கீழ வச்ச பெறகுதான் எனக்கு அவரு கிளாச எடுக்குறதே தெரியுது.