பழைய துணியும் பழம்பொருளும்: கேரோசலா, கடையா?

ஜாலான் புசாருக்கு அருகே சுங்கை ரோட்டில் 1930களிலிருந்து கூடிவந்த பழம்பொருள் சந்தை, 2017 ஜூலை 10ஆம் தேதியுடன் நிரந்தரமாக மூடப்பட்டது. வாடகையில்லாமல் தரையில் துணி விரித்துக் கடை போட்ட முதியவர்களோடு, அங்கே பொழுதெல்லாம் குனிந்து தேடியவர்களும் திசைக்கொருவராகப் பிரிந்து போனார்கள். இன்று சிங்கப்பூரில் பழைய உடை வாங்க நினைப்பவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் நாடுகிறார்: கைப்பேசியில் பழைய பொருள்களை வாங்கவும் விற்கவும் உதவும் கேரோசல் செயலி, இல்லாவிட்டால் நன்கொடைத் துணிகளை விற்கும் அறநிறுவனக் கடை. வசதியை மட்டும் பார்த்தால் கேரோசலே முந்தும். தேடுவதில் உள்ள இன்பத்தையும் கணக்கில் சேர்த்தால் கடைக்கே என் வாக்கு.

கேரோசலை 2012இல் இங்கேயே தொடங்கினார்கள். வேண்டியது இன்னதென்று தெளிவாகத் தெரிந்தவருக்கு அதைவிட நல்ல வழி இல்லை. பிள்ளையின் பள்ளிச் சீருடையோ, உற்பத்தி நின்றுபோன ஒரு மிக்சியின் ஜாரோ, பெயரைத் தட்டினால் தீவின் ஏதோவொரு மூலையில் யாரோ ஒருவர் விற்கக் காத்திருப்பார். உரையாடலிலேயே பேரம் பேசி முடித்து, பெருவிரைவு ரயில் நிலைய வாசலில் சந்தித்து, பேநவ் வழியாகப் பணம் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் நாம் தட்டிய சொல்லுக்கு உரியதை மட்டுமே அது காட்டும். நமக்குப் பிடிக்கும் என்று நமக்கே தெரியாத ஒன்றைத் தேடச் சொல்ல முடியாது. படத்தில் நிறம் மாறித் தெரியும்; துணியின் கனமும் வழவழப்பும் தெரியவே தெரியாது.

வாட்டர்லூ ஸ்திரீட்டில், கிருஷ்ணன் கோவிலிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், நியூ2யூ என்ற கடை இருக்கிறது. சிங்கப்பூர் மாதர் சங்கங்களின் மன்றம் நடத்துவது. நன்கொடையாக வரும் துணிமணிகளைத் தொண்டூழியர்கள் பிரித்து அடுக்குகிறார்கள். விற்ற பணம் மன்றத்தின் பணிகளுக்குப் போகிறது. அப்பர் புக்கிட் தீமா சாலையில் இரட்சணிய சேனை நடத்தும் பெரிய கடையில் துணியோடு தட்டுமுட்டுச் சாமான், பீங்கான், புத்தகம் எல்லாம் உண்டு. இத்தகைய இடங்களில் கொடியில் தொங்கும் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகும்போது, கண் கவனிப்பதற்கு முன்பே விரல் நல்ல பருத்தியைக் கண்டுகொள்ளும். அளவு சரியாக இருக்கும் என்றோ, போன வாரம் பார்த்தது இந்த வாரமும் இருக்கும் என்றோ உறுதி கிடையாது. வெறுங்கையோடு திரும்பும் நாள்களும் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. நல்லது கையில் சிக்கும் நாளின் மகிழ்ச்சிக்கு அந்த நிச்சயமின்மையே காரணம்.

சேலை விஷயத்தில் இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. செயலியில் பளபளக்கும் எல்லாமே ‘பட்டு’ என்ற பெயரோடுதான் வரும். பழைய பட்டுச் சேலை பெரும்பாலும் இற்றுப்போவது மடிப்பில்தான். ஆண்டுக்கணக்கில் மாற்றி மடிக்காமல் வைத்திருந்தால் அந்தக் கோட்டில் நூல் விட்டுவிடும். கையில் கிடைத்தால் முழுவதும் பிரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம். கீறல் இருந்தால் ஒளி ஊடுருவிக் காட்டிக்கொடுத்துவிடும். உள்பக்கம் தொங்கும் சரிகை நூலை நகத்தால் லேசாகச் சுரண்டினால், அசல் வெள்ளிச் சரிகையில் வழக்கமாகச் சிவப்புப் பட்டு இழை எட்டிப் பார்க்கும். நம் ஊர் ஈரக்காற்றில் சரிகை கறுத்திருக்கலாம். அதற்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. உடல் இற்றுப்போய்க் கரை மட்டும் நன்றாக இருந்தால்கூட வாங்கலாம். தேக்கா நிலையத்தின் மாடியில் உள்ள தையற்கடையில் கொடுத்து ரவிக்கையாக்கிக்கொள்ளலாம். இத்தனை சோதனைகளில் ஒன்றையாவது படத்தை வைத்துச் செய்ய முடியுமா?

முன்பின் தெரியாதவர் உடுத்தியதை நாம் உடுத்துவதா என்ற தயக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அக்காவின் பாவாடையைத் தங்கை கட்டி வளர்ந்த குடும்பங்களிலும் அது இருக்கிறது. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதற்கு நாம் கொடுக்கும் விலை அதிகம் என்றே கருதுகிறேன். 2021இல் சிங்கப்பூரில் சேர்ந்த துணி, தோல் கழிவு ஏறத்தாழ 189,000 டன். அதில் மறுசுழற்சிக்குப் போனது 4 விழுக்காடு. மீதத்தில் பெரும்பகுதி எரிந்து சாம்பலாகிச் செமாக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது.

கேரோசலுக்கும் அறநிறுவனக் கடைக்கும் நடுவே, பழைய உடை விற்கும் ரீஃபேஷ் போன்ற கடைகள் உண்டு. அங்கே துணிகள் தரம் பார்த்து, அளவுவாரியாகத் தொங்குகின்றன. அவசரத்துக்கு அலுவலக உடை வாங்க நல்ல இடம், ஆனால் ஆச்சரியங்கள் குறைவு. விசித்திரமான பொருள்கள் வேண்டுமென்றால் துணிக்கடையை விட்டுவிட்டு, ஹோட்டல்கள் கழித்துவிடும் நாற்காலி, விளக்கு, சட்டமிட்ட ஓவியம் ஆகியவற்றை வாங்கி விற்கும் கம்போங் அம்பாட்டின் ஹொக் சியோங் கிடங்குக்குப் போகலாம். அங்கே வாங்குவதற்கு முன் இழுப்பறைகளை ஒருமுறை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். மேசையின் வேலைப்பாடு எப்படிப்பட்டது என்பது மேற்பலகையைவிட அங்கேதான் தெரியும்.