தோலில் துளையிட்ட பிறகு பூசும் ‘எக்ஸோசோம்’ சீரம்: கொழும்பில் உள்ளவர்கள் கவனம்

முகப்பருத் தழும்புக்கு மைக்ரோநீட்லிங் (நுண்ணூசிகளால் தோலில் துளையிடும் சிகிச்சை) செய்யக் கொழும்பில் இடம் தேடுகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

பம்பலப்பிட்டியில் ஓர் அழகுச் சிகிச்சை நிலையத்தில் என் தங்கை அதைச் செய்துகொண்டாள். ஊசி ஓடி முடிந்து முகம் நெருப்பாக எரியும்போதுதான் பேரத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். “எக்ஸோசோம் பூசினால் இரண்டு நாளில் புதுத்தோல் வந்துவிடும், மிஸ்” என்று மேலதிகமாக 35,000 ரூபா. எக்ஸோசோம் என்பது உயிரணுக்கள் வெளிவிடும் நுண்ணிய பைகள்; அவை கலந்த சீரத்தைத்தான் விற்கிறார்கள். எரிச்சலில் துடிப்பவள் பேரம் பேசுவாளா? குப்பி வந்தது மேசை லாச்சியிலிருந்து. மூடி ஏற்கெனவே திறந்திருந்தது.

வெற்றுக் குப்பியை அவள் கேட்டு வாங்கிவந்தது நல்லதாயிற்று. நிலையத்தின் பெயர் அச்சிட்ட ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். அடியில் கொரிய நிறுவனத்தின் லேபிள்: வெளிப்பூச்சுக்கு மாத்திரம், காயமுள்ள தோலில் பூசக்கூடாது. காலாவதித் திகதி சுரண்டப்பட்டிருந்தது!

சில நாட்களில் கன்னமெங்கும் சீழ்க் கொப்புளங்கள். அவை ஆறிய இடத்தில் இப்போது கருந்திட்டுகள். நம் நிறத் தோலில் அழற்சி விட்டுச்செல்லும் கருமை மறைய மாதக்கணக்காகும், கொழும்பு வெயிலில் இன்னும் மோசம்.

மூடிய தோலின் மேல் நின்றுவிடும் பூச்சு, ஊசித் துளை வழியே உள்ளே இறங்கிவிடும். மைக்ரோநீட்லிங்கோடு வைட்டமின் சி சீரம் பூசப்பட்ட பெண்களுக்கு முகத்தில் அழற்சிக் கட்டிகள் வந்ததை 2014இல் அமெரிக்கத் தோல்நோய் மருத்துவ இதழொன்று பதிவு செய்தது. அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எந்த எக்ஸோசோம் தயாரிப்பையும் சிகிச்சைக்கு அங்கீகரிக்கவில்லை. 2019இல் பொதுமக்களுக்கு எச்சரிக்கையும் விடுத்தது. தங்கையைப் பார்த்த தோல்நோய் நிபுணர், ஆரம்ப நாட்களுக்கு மென்மையான ஃபேஸ்வாஷும் வெறும் வாசலினும் போதும், தோல் மூடிய பின் சன்ஸ்கிரீன் போடுங்கள் என்றார். இவற்றின் விலையை அந்த 35,000 ரூபாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிலையத்துக்குப் போய்க் கேட்டோம். “உங்கள் தோல்தான் பிரச்சினை” என்றார்கள். பற்றுச்சீட்டும் தரவில்லை. சிகிச்சை செய்தவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்ற கேள்விக்குப் பதிலே இல்லை.

எதைப் பூசுவதானாலும் முத்திரை உடைக்காத குப்பியை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள்; முதலில் லேபிளைப் படம் எடுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்தில் முறைப்பாடு செய்திருக்கிறோம். குப்பியும் படங்களும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. பம்பலப்பிட்டிப் பக்கம் இதேபோல் பாதிக்கப்பட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே முறையிடலாம்.