ஏற்காடு பஸ்: டிரைவருக்கு முழு மார்க், நேரத்துக்குப் பாதிதான்

சேலத்திலிருந்து வாரம் இரண்டு தடவை ஏற்காடு போய் வருகிறவன் நான். டிரைவர்களைக் குறை சொல்லவே முடியாது. 20 கொண்டை ஊசி வளைவிலும், எதிரே சுற்றுலா வேன் மூக்கை நீட்டினாலும், மடியில் வைத்த பலாப்பழம் உருளாமல் ஏற்றிவிடுகிறார்கள்.

பிரச்சினை காத்திருப்பதுதான். நான் மலையிலிருந்து இறங்கும் மாலை பஸ் நடையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார்கள், கேட்டால் "கலெக்‌ஷன் இல்லீங்க" என்கிறார் கண்டக்டர். 2018 ஜனவரியில் நஷ்டம், டீசல் விலை என்று சொல்லித் தமிழ்நாடு முழுக்கக் கட்டணத்தை ஏற்றினார்கள், சரி, கொடுத்தோம். அப்புறம் நடையையும் குறைத்தால் எப்படி? காபித் தோட்ட வேலை முடிந்து வரும் அக்காக்கள் அடுத்த பஸ்ஸில் தூக்குவாளியோடு ஒற்றைக் காலில் நிற்கிறார்கள்.

ஜன்னல் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொள்ளும், மழை நாளில் சாரல் இலவசம். சீட்டு வேண்டுமென்றால் ஸ்டாண்டிலேயே துண்டு போட்டுவிடுங்கள்.